கணினிக்குள் ஒரு கித்தா மரம்



கணினி விளையாட்டு என்று சொன்னவுடன் உங்களில் பலர் முகம் சுளிப்பீர்கள். பிள்ளை பாதி ராத்திரி வரை கைத்தொலைபேசியும் கையுமாக இருக்கிறான், காசு கட்டு என்று நச்சரிக்கிறான் என்று பள்ளிக்கு வந்து குறைப்பட்ட தாய்மார்கள் பலர். அந்தக் குறையில் நியாயம் இருக்கிறது. அதை நான் மறுக்க வரவில்லை. இன்றைக்கு நான் சொல்ல வந்தது விளையாடுவதைப் பற்றியன்று. விளையாட்டுக்குள்ளே புதிதாக ஒரு பொருளைச் செய்வதைப் பற்றி. அப்படிச் செய்யும்போது என்னென்ன பிழை நேர்கிறது, அந்தப் பிழையை யார் கண்டுபிடிக்கிறார் என்பதைப் பற்றி. கண்டுபிடிப்பவர் எப்போதும் கணினி படித்தவராகத்தான் இருக்கவேண்டும் என்பதில்லை. இதை நான் எங்கள் ஜுரு வட்டாரப் பள்ளியின் கணினி அறையில் நேரில் பார்த்தேன்.

எங்களிடம் உள்ளவை பழைய கணினிகள். அவற்றில் ஓடக்கூடியதாகவும், காசு கேட்காததாகவும் ஒன்றைத் தேடினோம். லுவாண்டி கிடைத்தது. பின்லாந்து நாட்டைச் சேர்ந்த பெர்ட்டு அஹோலா என்பவர் 2010ஆம் ஆண்டில் தொடங்கி வைத்தது இது. 2024 வரை இதற்கு மைன்டெஸ்ட் என்று பெயர். பிள்ளைகள் வாயில் அடிக்கடி வரும் மைன்கிராஃப்ட் இருக்கிறதே, பார்வைக்கு ஏறக்குறைய அதே மாதிரிதான். இதில் வெற்றி தோல்வி கிடையாது. மண், கல், மரம், தண்ணீர் எல்லாமே சின்னச் சின்னச் சதுரக் கட்டைகள். வெட்டி எடுக்கலாம், அடுக்கிக் கட்டலாம். மணலில் வீடு கட்டி விளையாடிய உங்கள் பிள்ளைப்பருவத்தை நினைத்துக்கொள்ளுங்கள். அதுவே கண்ணாடித் திரைக்குள் நடக்கிறது.

விளையாட்டோடு வரும் கட்டைகள் போதாது என்று தோன்றும்போதுதான் கல்வி தொடங்குகிறது என்பது என் எண்ணம். புதுக் கட்டை வேண்டுமென்றால் மூன்று காரியம் செய்யவேண்டும். அதற்கென்று ஒரு கோப்புறை, கட்டையின் மேல் ஒட்டுவதற்கு ஒரு சின்னப் படம், அந்தக் கட்டை எப்போது என்ன செய்யவேண்டும் என்று எழுதிய கட்டளைகள். அந்தக் கட்டளைகளை எழுதும் மொழிக்கு லுவா என்று பெயர்.

லுவாவைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லாமல் போக மனம் வரவில்லை. அது பிரேசில் நாட்டில், ரியோ டி ஜெனிரோ நகரத்துக் கத்தோலிக்கப் பல்கலைக்கழகத்தில், 1993ஆம் ஆண்டில் பிறந்தது. ரொபர்ட்டோ யெருசலிம்ஸ்கி, லூயிஸ் என்ரிக்கே டி ஃபிகெய்ரெடோ, வால்டெமார் செலஸ் என்ற மூவர் உருவாக்கினார்கள். வெளிநாட்டுக் கணினிச் சாதனங்களை வாங்குவதற்குப் பிரேசிலில் அதற்கு முன் பல ஆண்டுகள் கடுமையான தடை இருந்தது. ஆகையால் தங்களுக்கு வேண்டியதைத் தாங்களே செய்துகொள்ளும் பழக்கம் அங்கே வளர்ந்திருந்தது. போர்த்துகீசிய மொழியில் லுவா என்றால் நிலா. கைத்தொலைபேசியில் பிள்ளைகள் ஆடும் ரொப்லோக்ஸுக்கும் இதன் கிளைமொழியில்தான் கட்டளை எழுதுகிறார்கள். கித்தா மரமும் பிரேசிலிலிருந்து வந்ததுதானே! 1876இல் அங்கிருந்து விதைகள் லண்டன் கியூ தோட்டத்துக்குப் போயின. மறு ஆண்டு 22 கன்றுகள் சிங்கப்பூருக்கு வந்து சேர்ந்தன. நம் பாட்டன்மாரைக் கடல் கடந்து கூட்டிவந்த மரம் எந்த மண்ணுடையதோ, நம் பேரப்பிள்ளைகள் இன்று எழுதும் கணினி மொழியும் அந்த மண்ணுடையது.

இனி விஷயத்துக்கு வருவோம். ஆறாம் ஆண்டு மாணவன் ஒருவன் கித்தா மரக் கட்டை செய்யப்போவதாகச் சொன்னான். வலது பொத்தானை அமுக்கினால் பால் வரவேண்டும்; மரம் வற்றவேண்டும்; பிறகு மறுபடி ஊறவேண்டும். அவ்வளவுதான். அவன் பால் வெட்டைக் கண்ணால் பார்த்ததே இல்லை. பள்ளியின் பெயரில் தோட்டம் இருக்கிறதே தவிர, ஜன்னலைத் திறந்தால் தெரிவது வீடமைப்பும் தொழிற்சாலைக் கூரையும்தான்.

முதல் நாள் கட்டை விளையாட்டுக்குள் வரவே இல்லை. காரணம் பெயர். லுவாண்டியில் ஒவ்வொரு கட்டையையும் விளையாட்டு தொடங்கும் நேரத்திலேயே பதிவு செய்துவிடவேண்டும். பெயரில் முதலில் கோப்புறையின் பெயர், பிறகு முக்காற்புள்ளி, அதன் பிறகுதான் கட்டையின் பெயர். அவன் கோப்புறைக்கு ஒரு பெயரும் பதிவில் வேறொரு பெயரும் கொடுத்திருந்தான். நான் அவனிடம் பெரட்டைப் பற்றிச் சொன்னேன். விடியற்காலைப் பெரட்டில் செக்ரோலில் பேர் விழாதவனுக்கு அன்றைக்கு வேலை கிடையாது. எவ்வளவு பலசாலியாக இருந்தாலும் திரும்ப வேண்டியதுதான். இன்ன தண்டலின் ஆள் என்று சொல்லி நிற்கவேண்டும். வேறு தண்டலின் பெயரைச் சொன்னால் கிராணி ஏற்கமாட்டார். பெரட்டு கலைந்த பிறகு வந்து நின்றாலும் பயனில்லை. கணினியும் அந்தக் கிராணியைப் போலத்தான்.

அடுத்தது ஒரு காற்புள்ளி. ஒரு வரியின் முடிவில் அதை விட்டுவிட்டான், விளையாட்டே திறக்கவில்லை. திரையில் ஆங்கிலத்தில் ஒரு செய்தி வந்தது. பெரும்பாலான பிள்ளைகள் அதைப் பார்த்ததும் பயந்து மூடிவிடுகிறார்கள். மூடக்கூடாது. அதில் எந்தக் கோப்பு, எத்தனையாவது வரி என்று தெளிவாக எழுதியிருக்கும். ஆனால் ஒரு சூட்சுமம் உண்டு. எட்டாம் வரியில் புள்ளி விட்டுப்போனால் கணினி ஒன்பதாம் வரியைத்தான் குற்றம் சொல்லும், ஏனென்றால் ஒன்பதுக்கு வந்த பிறகே ஏதோ குறைகிறது என்று அதற்குத் தெரிகிறது. ஆகவே சொன்ன வரியையும் அதற்கு முந்திய வரியையும் சேர்த்தே பார்க்கவேண்டும்.

இந்த இரண்டு பிழையும் உண்மையில் நல்ல பிழைகள். கணினி தானே வாய் திறந்து சொல்லிவிட்டது. வாய் திறக்காத பிழைகள்தாம் ஆளைக் கொல்லும். கட்டளை ஓடும், செய்தி எதுவும் வராது, நடப்பது மட்டும் தப்பாக இருக்கும்.

ஒரு சனிக்கிழமை அந்தப் பையனை அழைத்துப்போக அவன் பாட்டி வந்திருந்தார். முப்பது ஆண்டுக்கு மேல் உளி பிடித்த கை. நாற்காலி போட்டு உட்காரச் சொன்னேன். பையன் பெருமையோடு காட்டினான். திரையில் வரிசையாகப் பத்து மரம். ஒன்றை அமுக்கினான், பால் வந்தது. பக்கத்து மரத்தை அமுக்கினான், வரவில்லை. எதிலும் வரவில்லை.

"ஏன்யா, ஒரு மரத்த வெட்டினா நிரை முழுக்கவா வத்திப்போகும்?" என்று கேட்டார் பாட்டி.

எனக்கு உறைத்தது. பையன் 'பால் இருக்கிறது' என்பதற்கு ஒரே ஒரு பெட்டியை வைத்திருந்தான். எல்லா மரத்துக்கும் அந்த ஒரு பெட்டிதான். ஒரு மரம் வெட்டியதும் அது 'இல்லை' என்று மாறிவிட்டது. பத்து மரமும் அதைப் பார்த்து வற்றிவிட்டன. விளையாட்டை மூடித் திறந்தால் பெட்டி அழிந்துபோய் எல்லா மரமும் ஒரேயடியாய் ஊறிவிடும். செய்யவேண்டியது என்ன? மரத்துக்கு ஒரு மங்கு வைக்கவேண்டும். லுவாண்டியில் ஒவ்வொரு கட்டையும் நிற்கும் இடத்தோடு சேர்த்துக் குறிப்பு எழுதி வைக்க இடம் இருக்கிறது; மெட்டா என்று அதைச் சொல்வார்கள். மூடினாலும் அழியாது. எந்த மரத்தின் பால் அந்த மரத்தின் குறிப்பில் இருக்கவேண்டும்.

அதைத் திருத்தியபோது இன்னொரு ஊமைப் பிழை வந்தது. எழுதும் இடத்தில் பால் என்பதற்கு ஆங்கில எழுத்தில் இரண்டு 'ஏ' போட்டிருந்தான். படிக்கும் இடத்தில் ஒரே 'ஏ'. கணினிக்கு அவை இரண்டு வேறு சொற்கள். எழுதாத குறிப்பை எண்ணாகப் படித்தால் அது குறை சொல்வதில்லை. பூஜ்யம் என்று தந்துவிடும். நம் பிள்ளைகள் தமிழ்ச் சொல்லை ஆங்கில எழுத்தில் எழுதும்போது இது ஓயாத தொல்லை. ஒரு தாளில் சொற்களை எழுதிச் சுவரில் ஒட்டி, அதைப் பார்த்தே எழுதும்படி சொல்லிவிட்டேன்.

பாட்டியின் அடுத்த கேள்வி: "வெட்டி முடிச்சு எம்மாம் நேரத்துல மறுபடி வெட்டுற?" பையன் பத்து விநாடி என்றான். பாட்டி சிரித்துவிட்டார். "மரம் செத்துப்போகுமேய்யா! ஒரு நாள் விட்டு ஒரு நாள் வெட்டணும்."

லுவாண்டியில் வழக்கமாக ஒரு நாள் என்பது நம் கடிகாரத்தில் 20 நிமிடம். ஒரு நாள் விட்டு ஒரு நாள் என்றால் 40 நிமிடம், அதாவது 2,400 விநாடி. பத்தை எடுத்துவிட்டு 2,400 என்று போட்டான். அப்போதுதான் பழைய பிழை ஒன்று வெளிப்பட்டது. பத்து விநாடிக்கு 'இத்தனை நேரம் கழித்து இதைச் செய்' என்ற சாதாரணக் கட்டளையைப் பயன்படுத்தியிருந்தான். அது நினைவில் மட்டும் இருக்கும். பத்து விநாடிக்குள் யாரும் கணினியை மூடாததால் குறை தெரியவில்லை. நாற்பது நிமிடம் என்று ஆனதும் இடையில் மணி அடித்தது, கணினியை மூடினார்கள், கட்டளை மறைந்தது. அடுத்த வாரம் திறந்தால் மரங்கள் நிரந்தரமாக வற்றிக் கிடந்தன. இதற்கென்று கட்டையோடு சேர்ந்த கடிகாரம் தனியாக உண்டு. அது உலகத்தோடு சேமித்து வைக்கப்படும். மூடினால் நிற்கும், திறந்தால் விட்ட இடத்திலிருந்து ஓடும்.

இங்கே இன்னொன்றும் சொல்லவேண்டும். லுவாண்டி தன் உலகத்தை நீளம், அகலம், உயரம் பதினாறு பதினாறு கட்டைகள் கொண்ட பெட்டிகளாகப் பிரித்து வைத்திருக்கிறது. ஆட்டக்காரன் நிற்கும் இடத்துக்குப் பக்கத்துப் பெட்டிகள் மட்டுமே விழித்திருக்கும். மற்றவை தூங்கும். கட்டையின் கடிகாரம் தூங்கிய நேரத்தையும் கணக்கில் சேர்த்துக்கொள்ளும், அது நல்ல குணம். ஆனால் பையன் ஒரு கங்காணி வேலை எழுதினான்: விடிந்ததும் எல்லா மரத்தையும் எண்ணு. நாற்பது மரம் நட்டவனுக்கு இருபத்து மூன்றுதான் கணக்கு வந்தது. தூரத்துப் பெட்டிகள் ஏற்றப்படாததால், 'அங்கே என்ன கட்டை?' என்று கேட்டால் கணினி ஒரு தனிச் சொல்லைப் பதிலாகத் தருகிறது. 'எனக்குத் தெரியாது' என்பதே அதன் பொருள். பையனின் கட்டளை அதை 'மரம் இல்லை' என்று எண்ணிக்கொண்டது. மூடுபனியில் ஓடைக்கு அப்பால் பார்க்காத நிரையை, ஆள் வரவில்லை என்று எழுதிய கங்காணியின் கதைதான்.

வற்றிய மரத்துக்கு வேறு படம் காட்டவேண்டும் என்பதற்காக ஒரு கட்டையை எடுத்து இன்னொன்றை வைக்கிறோம். அதற்கு இரண்டு கட்டளைகள் உண்டு. செட் என்பது பழைய கட்டையை அதன் குறிப்புகளோடு துடைத்துவிட்டுப் புதியதை வைக்கும். ஸ்வாப் என்பது குறிப்புகளை அப்படியே விட்டு ஆளை மட்டும் மாற்றும். பையன் செட் போட்டான். எத்தனை முறை வெட்டினோம் என்ற கணக்கு ஒவ்வொரு முறையும் அழிந்தது. மேலும், கட்டை வைக்கப்பட்டவுடன் செய்யவேண்டிய வேலைக்குள்ளேயே அதே கட்டையைச் செட் செய்ய எழுதிவிட்டான். வைத்தால் வேலை, வேலை செய்தால் மறுபடி வைப்பு என்று முடிவில்லாமல் சுழன்று விளையாட்டே நின்றுவிட்டது. ஸ்வாப் இந்தச் சுழலில் சிக்குவதில்லை.

பாட்டி விட்டுவிடவில்லை. "என்னய்யா இது, உச்சி வெயில்ல வெட்டுறான்? வெயில் ஏறிட்டா பாலு ஓடாதே!"

நேயர்களே, இதற்கு அறிவியல் காரணம் உங்களுக்கே தெரியும், சொல் மட்டும்தான் புதிது. இரவில் மரம் நீர் குடித்து இறுகி நிற்கிறது. பட்டைக்குள் பால் குழாய்களில் அழுத்தம் விடியற்காலையில் மிகுதி. வெயில் ஏற ஏற இலைகள் நீரை விடுகின்றன, அழுத்தம் குறைகிறது, பாலும் குறைகிறது. லுவாண்டி தன் நாளை 0 முதல் 1 வரை எண்ணாகச் சொல்லும். நள்ளிரவு 0, நடுப்பகல் 0.5. காலை ஆறு மணி 0.25, பத்து மணி ஏறத்தாழ 0.42. அதற்கு இடையில் அமுக்கினால் மட்டுமே பால் என்று பையன் ஒரு வரி சேர்த்தான். ஒரு நாளே இருபது நிமிடம் என்பதால் இந்த நான்கு மணி நேரம் நம் கடிகாரத்தில் 3 நிமிடம் 20 விநாடிதான். பிள்ளைகள் நிரைக்கு நிரை ஓட வேண்டியதாயிற்று. பாட்டிக்கு அது மிகவும் பிடித்திருந்தது. "இப்பத்தான் வெளிக்காட்டு வேலை மாதிரி இருக்கு" என்றார்.

கித்தா மரத்தைக் கணினிக்குள் கொண்டுவந்தது எங்கள் மாணவன் முதலாவது என்று நான் பீற்றிக்கொள்ளமாட்டேன். லுவாண்டிக்காகப் பிறர் எழுதி வெளியிட்ட டெக்னிக் என்ற தொகுப்பில் கித்தா மரமும் பால் எடுக்கும் கருவியும் உண்டு. அதன் கட்டளைகளை எவரும் திறந்து படிக்கலாம். படித்துப் பார்த்தோம். அங்கே பால் உள்ள மரம், பால் இல்லாத மரம் என்று இரண்டு தனிக் கட்டைகள். வற்றிய மரம் மீண்டும் ஊறவேண்டுமானால் அருகில் இலை இருக்கவேண்டும் என்று எழுதியிருக்கிறார்கள். எழுதியவர் தோட்டத்தைப் பார்த்தவரோ இல்லையோ, இந்த இடத்தில் சரியாகத்தான் எழுதியிருக்கிறார். இலையுதிர் காலத்தில் பால் குறையும் என்பதை நீங்கள் அறிவீர்கள். ஆனால் அதில் காலை, மாலை வேறுபாடு இல்லை. எங்கள் பையனின் மரத்தில் இருக்கிறது.

கடைசியாக ஒரு பெயர்ப்பலகை. நிரையின் தலையில் வெட்டுபவரின் பெயர் எழுதும் கட்டை ஒன்றைச் செய்தான். பலகையில் 18 எழுத்துக்கு மேல் கூடாது என்று வரம்பு வைத்தான். தமிழ் எழுத்துரு ஒன்றை அமைத்துக்கொடுத்த பிறகு, சோதனைக்காகப் 'பாக்கியம்' என்று எழுதினான். ஐந்தே எழுத்து. பலகையில் வந்தது 'பாக்கி' மட்டும்! அறையே சிரித்தது. கடன் தீராத தோட்டத்துப் பலகை என்று நானும் சிரித்தேன். காரணம் இதுதான். லுவா எழுத்தை எண்ணவில்லை. எழுத்தைச் சேமிக்கும் சிறு அறைகளை எண்ணுகிறது. ஓர் ஆங்கில எழுத்துக்கு ஓர் அறை போதும். தமிழில் உயிர்மெய்யின் மெய்ப்பகுதிக்கு மூன்று அறை, காலோ கொம்போ புள்ளியோ சேர்ந்தால் அதற்கு இன்னும் மூன்று. 'பாக்கி' என்ற மூன்று எழுத்துக்கே 18 அறை தீர்ந்துவிட்டது. 'பாக்கியம்' முழுதும் நிற்க 27 வேண்டும். வரம்பை 90 ஆக்கினோம். ஆங்கிலத்தை மட்டும் நினைத்து எழுதிய கட்டளைகள் தமிழை எங்கே வெட்டும் என்று பார்க்க, நம் பெயர்களை எழுதிப் பார்ப்பதைவிட எளிய வழி இல்லை.

2017 முதல் இடைநிலைப் பள்ளிகளில் அடிப்படைக் கணினி அறிவியல் ஒரு பாடமாக வந்திருக்கிறது. உங்கள் பிள்ளை முதலாம் படிவத்தில் இந்தச் சொற்களோடு வீட்டுக்கு வரக்கூடும். உனக்கென்ன தெரியும் என்று அவன் சொன்னாலும், பக்கத்தில் உட்கார்ந்து மூன்று கேள்வி கேட்டுப் பாருங்கள். இது எப்போது நடக்கும்? இது ஒன்றுக்கு மட்டுமா, எல்லாவற்றுக்குமா? மூடித் திறந்தால் இது நினைவிருக்குமா? பாட்டி கேட்டவையும், கேட்கத் தூண்டியவையும் இவைதாம்.

அவர் மேலும் ஒன்று கேட்டுவிட்டுப் போயிருக்கிறார். "மழ வந்தா என்ன செய்வ?" லுவாண்டியில் மழை தானாகப் பெய்வதில்லை, அதையும் எழுதித்தான் ஆகவேண்டும். பட்டை நனைந்தால் பால் கோட்டில் நில்லாமல் மரத்தில் பரவி வழிந்துவிடும், அன்றைக்கு மங்கில் ஒன்றும் சேராது என்று பாட்டி சொன்னதைப் பையன் குறித்து வைத்திருக்கிறான். பாதி நிறைந்த மங்கில் மழைத்தண்ணீர் விழுந்தால் கணக்கில் என்ன எழுதுவது என்பதுதான் இன்னும் தீரவில்லை. வரும் சனிக்கிழமை பாட்டி வருகிறார்.